20 வயதில் சர்வதேச அறிமுகம், 21-ல் முதுகில் ஸ்ட்ரெஸ் பிராக்சர்: இளம் வேகப்பந்து வீச்சாளரின் முதல் ஐந்து ஆண்டுகளை எப்படி அமைப்பது?

நாலாவது ஸ்டம்ப் (கேள்வி)

ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. 18–21 வயதில் ஒரு பையன் 145 கி.மீ.க்கு மேல் வீசுகிறான். டி20 லீக்கில் இரண்டு ஆட்டம் பிரமாதமாகப் போகிறது. சில மாதங்களில் தேசிய அணி. அடுத்து வருவது ஸ்கேன் ரிப்போர்ட்: முதுகில் ஸ்ட்ரெஸ் பிராக்சர், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி எலும்பில் விழும் விரிசல்.

மயங்க் யாதவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 30-ல் லக்னோவுக்காக முதல் ஐ.பி.எல். ஆட்டம், 155.8 கி.மீ. வேகம், பஞ்சாபுக்கு எதிராக 27 ரன்னுக்கு 3 விக்கெட். அடுத்த ஆட்டத்தில் பெங்களூருக்கு எதிராக 156.7 கி.மீ., 14 ரன்னுக்கு 3. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு ஓவர் போட்டுவிட்டு வெளியே போனார். அக்டோபரில் குவாலியரில் இந்தியாவுக்கு அறிமுகம், முதல் ஓவரே மெய்டன். வங்கதேசத் தொடரின் மூன்று டி20 ஆட்டங்களுக்குப் பிறகு முதுகுப் பிரச்சினை. 2025 ஐ.பி.எல்.லில் இரண்டே ஆட்டம்.

இது புதிதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் டெஸ்ட் அறிமுகம், இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட், வெற்றி ரன்னும் அவர் பேட்டிலிருந்தே, ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில்.

விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்க விரும்புவது: இந்த வயதில் மட்டும் ஏன் இப்படி? வாரத்துக்கு எத்தனை பந்து என்று எண்ணிக்கையாகவே சொல்ல முடியுமா? ஆக்‌ஷனை (பந்து வீசும் முறையை) மாற்றினால் தீருமா? காயத்திலிருந்து திரும்புகிறவர் எந்த வரிசையில் திரும்ப வேண்டும்?

"அந்தக் காலத்தில் நாள் முழுக்கப் போட்டார்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். 1973-ல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கே முதுகெலும்பு விரிசல் விட்டிருக்கிறது.

---

பின்கால்

முதலில் எலும்பு. அது புரிந்தால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகத் தீரும்.

உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் ஐந்து கணுக்கள். அவற்றில் கீழே உள்ளவற்றில், குறிப்பாக நான்காவது, ஐந்தாவது கணுக்களின் பின்பக்கத்தில் 'பார்ஸ்' எனப்படும் மெல்லிய எலும்புப் பாலம் இருக்கிறது. வலது கை வீச்சாளருக்கு இடப்பக்கப் பாலம், இடது கை வீச்சாளருக்கு வலப்பக்கப் பாலம் விரிசல் விடும். முன்கால் தரையில் அறையும் அதே கணத்தில் உடல் பின்னால் வளைந்து, பந்து பிடிக்காத கையின் பக்கம் சாய்ந்து, கூடவே முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் முன்காலில் இறங்குவது உடல் எடையைப்போல் சுமார் 5 முதல் 8 மடங்கு விசை. மூன்று அசைவும் ஒன்றாகச் சேரும் இடம் அந்தப் பாலம்.

வயது விஷயம் இதுதான். உயரம் 18 வாக்கில் நின்றுவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு வருடம் உழைத்தால் 20 வயதில் தசையும் வந்துவிடும். ஆனால் இடுப்பு முதுகெலும்பு முழு அடர்த்தி அடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதாவது 150 கி.மீ. வேகத்தை உண்டாக்கும் தசை 20-லேயே தயார். அந்த வேகத்தைத் தாங்க வேண்டிய எலும்புக்கு இன்னும் நாலைந்து வருடம் பாக்கி. ஆபத்து முழுவதும் அந்த இடைவெளியில்தான். தசை வேகமாக வளர்ந்த பையனுக்கு இடைவெளி இன்னும் பெரிது.

எலும்பு ஒரே நாளில் உடைவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுமை ஏறினால் எலும்பு தன்னைச் சீரமைத்துக்கொள்ளும். அந்தச் சீரமைப்பின் தொடக்கத்தில் பழைய எலும்பு கரைந்து, புது எலும்பு இன்னும் கெட்டிப்படாத சில வாரங்கள் உண்டு. அதனால்தான் ஒரு பெரிய டெஸ்டில் ஏறிய சுமை அந்த டெஸ்டில் தெரிவதில்லை. மூன்று நான்கு வாரம் கழித்து, சாதாரண வலைப்பயிற்சியில் வலிக்கத் தொடங்கும். எல்லாரும் அந்த வலைப்பயிற்சியைக் குற்றம் சொல்வார்கள்.

எச்சரிக்கை அறிகுறிகள்: இடுப்புக்கு மேலே ஒரே பக்கத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, பின்னால் வளைந்தால் அதிகமாகும், முன்னால் குனிந்தால் குறையும், வீசிய அன்றைவிட மறுநாள் காலையில் மோசம். இதை "தசைப் பிடிப்பு" என்று சொல்லி வலி மாத்திரையோடு இன்னொரு ஆட்டம் ஆடவைப்பதுதான் மிகப் பெரிய தவறு. எக்ஸ்-ரேயில் ஆரம்பக் கட்டம் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் விரிசல் விழும் முன்பே எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சில வாரங்களோடு போகும். விரிசல் விழுந்த பிறகு என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம்.

திரும்பும் வரிசை தோராயமாக இப்படி இருக்கும்:

முதல் இரண்டு மூன்று மாதம் பந்தே கிடையாது. வலியில்லாத அளவுக்கு நீச்சல், சைக்கிள், வயிறு–இடுப்புத் தசைப் பயிற்சி. பிறகு நேர்கோட்டில் மெதுவோட்டம், அடுத்து முழு வேக ஓட்டம், அடுத்து திடீர் நிறுத்தம். ஓடி நிற்கும்போது வலித்தால் பந்து எடுக்கக் கூடாது. அதன் பிறகு நின்ற இடத்திலிருந்து 12 பந்து, பாதி வேகத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு ஓர் ஓவர் இரண்டு ஓவர் கூட்டி, குறுகிய ஓட்டம், முழு ஓட்டம், 80 சதவீத வேகம், முழு வேகம். எண்ணிக்கையையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது, ஏதாவது ஒன்றுதான். கடைசியில் ஆட்டம்: 4 ஓவர், 10 ஓவர், பிறகு நான்கு நாள் ஆட்டம்.

எல்லாரும் தவறு செய்யும் இடம், வலி நின்ற நாளை எலும்பு சேர்ந்த நாளாக எண்ணுவது. வலி இரண்டு மாதத்தில் போய்விடும். ஸ்கேன் தெளிவாக இன்னும் பல வாரம் ஆகலாம். பையனும் "நான் ரெடி" என்பான், பொய் சொல்லவும் மாட்டான்.

---

இரண்டாவது ஸ்பெல்

எலும்பைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. எண்ணிக்கைக்கு நான் வருகிறேன்.

ஓவர் கணக்கு வேண்டாம், பந்துக் கணக்கு வையுங்கள். நான்கு ஓவரில் மூன்று வைடு, ஒரு நோ-பால் என்றால் முதுகுக்கு 28 பந்து. ஸ்கோர் கார்டில் 24. ஆட்டத்துக்கு முன் சூடேற்றும்போது போடும் 15–20 பந்து எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வலையில் பேட்ஸ்மேன் "இன்னும் ரெண்டு" என்று கேட்பதும் வருவதில்லை. ஆட்டத்தில் எறிந்தவை மட்டும் எண்ணினால் நிஜச் சுமையில் பாதிதான் கைக்கு வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டி20 லீக்கில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம்: 48 பந்து. சூடேற்றல், வலை எல்லாம் சேர்த்து வாரம் 130 பந்து என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரம் இப்படிப் போகிறது. ஐந்தாவது வாரம் டெஸ்ட்: இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 40 ஓவர், 240 பந்து, முன்னால் வலையில் 30. மொத்தம் 270. நான்கு வாரச் சராசரியைவிட இரு மடங்குக்கும் மேல். இந்தத் தாவல்தான் ஆளைச் சாய்ப்பது. 270 என்ற எண் தனியாக ஆபத்தானதல்ல.

அதே பையனுக்கு டெஸ்டுக்கு முந்தைய நான்கு வாரங்களில் 150, 170, 190, 200 என்று ஏற்றியிருந்தால் சராசரி 177 சொச்சம். 270 வந்தாலும் சுமார் ஒன்றரை மடங்குதான். ஒன்றரையைத் தாண்டவிடாமல் இருப்பது பல அணிகளின் நடைமுறை. இந்த விகிதத்தை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆய்வாளர்களிடையே இதற்குக் கடுமையான எதிர்ப்பும் உண்டு. 60 பந்து போட்ட வாரத்துக்குப் பிறகு 90 போட்டாலும் ஒன்றரைதான், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தாவலைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய கருவி கிடையாது.

ஓய்வும் இதே கணக்கில் வரும். மூன்று வாரம் முழு ஓய்வு கொடுத்து நேராக டெஸ்டுக்கு அனுப்புவது பாதுகாப்பு அல்ல. அடித்தளச் சராசரி கீழே போய்விடுகிறது. அதே 40 ஓவர் இப்போது பல மடங்குத் தாவல். "ஓய்வு கொடுத்தும் காயமாகிவிட்டதே" என்று கேட்பவர்கள், ஓய்வில் எத்தனை பந்து போட்டார் என்று முதலில் கேட்க வேண்டும். ஓய்வு வாரத்திலும் 60–90 பந்து, பாதி முக்கால் வேகத்தில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சிறுவர்களுக்கு இங்கிலாந்து வாரியம் நீண்ட காலம் கடைப்பிடித்த வரையறை நல்ல அளவுகோல்: 13 வயது வரை ஸ்பெல்லுக்கு (ஒரு மூச்சில் தொடர்ந்து போடுவது) 5 ஓவர், நாளுக்கு 10; 14–15 வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளுக்கு 12; 16 முதல் 19 வரை ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. கம்மின்ஸ் 17 வயதில் 2011 ஷெஃபீல்ட் ஷீல்டு (ஆஸ்திரேலிய உள்நாட்டுப் போட்டி) இறுதி ஆட்டம் ஒன்றிலேயே 60 ஓவருக்கு மேல் போட்டிருக்கிறார். டெஸ்ட் அறிமுகத்துக்கு முன் அவர் ஆடிய முதல்தர (பல நாள்) ஆட்டங்கள் மொத்தம் மூன்று. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த ஐந்து வருடம் ஏன் போனது என்பது புரியும்.

இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சரும் இதே பாடம்தான். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் அறிமுக டெஸ்டில் 44 ஓவர். அதே ஆண்டு நவம்பரில் நியூசிலாந்தின் மவுண்ட் மவுங்கனூயியில் ஒரே இன்னிங்ஸில் 42 ஓவர். பிறகு முழங்கை, பிறகு முதுகு. 2021 பிப்ரவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2025 ஜூலையில்தான். அணியில் அதிவேகமாக வீசுபவரையே நீளமான ஸ்பெல்லுக்கும் கேப்டன் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். அந்த வேலைக்கு 130 கி.மீ.யில் ஒரே இடத்தில் குத்தும் இன்னொருவர் அணியில் இருக்க வேண்டும். இளம் வீச்சாளரைக் காப்பாற்றுவது பிசியோ மட்டும் அல்ல, அணித் தேர்வும்தான்.

---

சீம் நேராக

ஆக்‌ஷன் கேள்விக்கு.

பக்கவாட்டு ஆக்‌ஷனோ நெஞ்சு முன்னோக்கிய ஆக்‌ஷனோ தனித்தனியே கெடுதல் இல்லை. கலப்பு ஆக்‌ஷன்தான் பிரச்சினை: பின்கால் இறங்கும்போது இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்க்கிறது, தோள் பக்கவாட்டில் இருக்கிறது; அல்லது தோள் முதலில் திறந்திருந்து, பிறகு பின்பக்கமாக 30 டிகிரிக்கு மேல் சுழன்று மூடுகிறது. இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருக்கிறதா என்று பின்கால் இறங்கும் பிரேமை நிறுத்திப் பாருங்கள். கேமரா நடுவரின் பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நொடிக்கு 240 பிரேம் போதும். இப்போது பல போன்களில் இருக்கிறது. ஆறாவது ஓவரின் பந்துகளை எடுங்கள். புத்துணர்ச்சியோடு போடும் முதல் ஓவரில் எல்லார் ஆக்‌ஷனும் அழகாகத்தான் இருக்கும்.

முன்காலையும் பாருங்கள். முட்டி மடங்காமல் நேராக நின்றால் வேகம் கூடும், முதுகுக்குச் சுமையும் கூடும். இதை மாற்றப் போனால் அவன் சொத்தே போய்விடும். அதற்குப் பதில் மாற்றக்கூடியவை: பக்கவாட்டுச் சாய்வு, பின்பாதம் இறங்கும் கோணம், ரன்-அப்பின் கடைசி நான்கு அடிகளில் தாவிக் குதிக்கும் உயரம்.

எப்போது மாற்றுவது என்பதுதான் முக்கியம். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனின் ஆக்‌ஷனை இளம் வயதில் திருத்தினார்கள்; 2006-ல் முதுகில் ஸ்ட்ரெஸ் பிராக்சர் வந்தது. தன் இயல்பான ஆக்‌ஷனுக்குத் திரும்பினார். 188 டெஸ்ட், 704 விக்கெட், 2024 ஜூலை வரை ஆடினார். மறுபக்கம் லில்லி 1973 காயத்துக்குப் பிறகு ஆக்‌ஷனைச் சீரமைத்து 1974–75 ஆஷஸில் திரும்பி வந்தார். ஆக, மாற்றவே கூடாது என்றும் இல்லை, எல்லாருக்கும் ஒரே அச்சு என்றும் இல்லை. தொடருக்கு நடுவே, நாலு நாளில் மாற்றுவது மட்டும் கூடவே கூடாது. புது ஆக்‌ஷனில் புது இடத்தில் சுமை ஏறும். அதற்கும் பழைய எண்ணிக்கையிலிருந்து இல்லாமல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் ஆட்டமில்லாத காலம் வேண்டும். காயத்தில் இருக்கும் மாதங்கள்தான் இதற்குத் தோதான நேரம்.

---

நாலாவது ஸ்டம்ப்

மூவருக்கும் நன்றி, கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. ஒரு துணைக்கேள்வி. முதுகு இப்படி இருக்கும் பையனை 24 வயது வரை டி20 மட்டும் ஆடவிட்டால்? நாளுக்கு 24 பந்துதானே. அப்புறம் டெஸ்டுக்கு எடுத்துக்கொள்ளலாமே.

---

பழைய பந்து

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுமை குறைவு என்பது உண்மை, ஆனால் இரண்டு வகையில் இழப்பு.

ஒன்று உடல். 24 பந்தும் முழு வேகம். பவர்பிளேயில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் இரண்டு என்று உடல் ஆறிய பிறகு வந்து வந்து போட வேண்டும். மயங்க் யாதவ் டெஸ்ட் ஆடியவர் இல்லை, டி20-யிலேயே விழுந்தார். 24 பந்து வாழ்க்கையில் 200 பந்து வாரத்தைத் தாங்கும் அடித்தளம் உருவாகாது. 24 வயதில் எலும்பு கெட்டியாகியிருக்கும், ஆனால் பழகியிருக்காது.

இன்னொன்று திறமை. வேகம் முதல் பருவத்துக்குத்தான் காப்பு. இரண்டாவது பருவத்தில் எல்லா அணியிடமும் அவன் பந்து விழும் இடங்களின் வரைபடம் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் க்வெனா மபாகாவைப் பாருங்கள். 2024 இளையோர் உலகக் கோப்பையில் 21 விக்கெட், தொடர் நாயகன். சில வாரங்களில் மும்பைக்காக ஹைதராபாத்தில் முதல் ஐ.பி.எல். ஆட்டம், 4 ஓவரில் 66 ரன், விக்கெட் இல்லை, எதிரணி 277. பையன் திறமை ஒரே மாதத்தில் போய்விடவில்லை. இளையோர் ஆட்டத்தில் வேகத்தாலேயே தடுமாறும் பேட்ஸ்மேன்கள் இங்கே வேகத்தைப் பயன்படுத்தித் தேர்ட் மேனுக்கும் பைன் லெக்குக்கும் அனுப்புவார்கள். அவனை அதன் பிறகு கைவிடாமல் வளர்த்தது தென்னாப்பிரிக்கா செய்த நல்ல காரியம். 2025 ஜனவரியில் கேப்டவுனில் 18 வயதில் டெஸ்ட் ஆடினான்.

நான்கு நாள் ஆட்டத்தில் மட்டுமே கிடைக்கும் சில விஷயங்கள் உண்டு. ஸ்டம்பிலிருந்து 6 முதல் 8 மீட்டரில் விழும் பந்தை ஓவருக்கு நான்காவது, ஐந்தாவது தடவையும் அதே இடத்தில் போடுவது. 40 ஓவர் பழைய பந்தில் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகக் காப்பாற்றி ரிவர்ஸ் (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பந்து வளைவது) எடுப்பது; எச்சில் தடை நிரந்தரமான பிறகு பளபளப்புக்கு வியர்வை மட்டும்தான். ஒருநாள் ஆட்டத்திலும் 2025 ஜூலையிலிருந்து 34 ஓவருக்குப் பிறகு இரண்டு முனைக்கும் ஒரே பந்து என்பதால் இந்த வித்தை மறுபடியும் கேட்கப்படும். முக்கியமாக, மாலை ஐந்து மணிக்கு நான்காவது ஸ்பெல்லில் வேகம் ஏழெட்டு கி.மீ. இறங்கிய நிலையில் விக்கெட் எடுப்பது எப்படி என்பது. மெதுவான பந்தைக் கை வேகம் குறையாமல் விடுவதும் இங்கேதான் பழகும். டி20 வலையில் விரலை மட்டும் மாற்றப் பழகுவார்கள், தோள் மெதுவாவதைப் பேட்ஸ்மேன் பார்த்துவிடுவார்.

ஆகவே 19 முதல் 22 வரை என் ஏற்பாடு: வருடத்துக்கு நான்கைந்து முதல்தர ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது 10 நாள், இன்னிங்ஸுக்கு 15–16 ஓவர் உச்சவரம்பு, ஸ்பெல் 4–5 ஓவர். கூடவே ஒரே ஒரு டி20 லீக். இரண்டாவது லீக்குக்கு அனுமதி கிடையாது. வருடத்தில் எட்டு வாரம் தொடர்ச்சியாக உடல் கட்ட மட்டும்.

முழுநீள டெஸ்ட் 22–23க்குப் பிறகு. விதிவிலக்குகள் இருக்கும். பாகிஸ்தானின் நசீம் ஷா 16 வயதில் பிரிஸ்பேனில் அறிமுகமாகி, 2020 பிப்ரவரியில் ராவல்பிண்டியில் ஹாட்ரிக் எடுத்தார். டெஸ்டில் ஹாட்ரிக் எடுத்தவர்களில் அவர்தான் இளையவர். ஆனால் 2023 உலகக் கோப்பையைத் தோள்பட்டைக் காயத்தில் இழந்தவரும் அவரே.

---

இரண்டாவது ஸ்பெல்

"பழைய பந்து" சொன்ன 15–16 ஓவர் உச்சவரம்பில் ஒரு திருத்தம். இரண்டு இன்னிங்ஸும் அடுத்தடுத்து வந்தால், அதாவது எதிரணிக்குப் பாலோ-ஆன் கொடுத்தால் (உடனே மறுபடி பேட் செய்யவைத்தால்), நான்கு நாளில் 32 ஓவர் இடைவெளியில்லாமல் வந்துவிடும். இன்னிங்ஸ் கணக்கோடு மூன்று நாள் கணக்கும் வையுங்கள்: தொடர்ந்த மூன்று நாளில் 25 ஓவருக்கு மேல் போகக் கூடாது. இதை ஆட்டத்துக்கு முன்பே கேப்டனிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பேட்ஸ்மேன் நிலைத்துவிட்ட மூன்றாவது நாள் மாலையில் எந்தக் கேப்டனும் வேகமான பையனைத்தான் தேடுவார்.

எழுதி வைப்பதிலேயே இன்னொரு ஓட்டை. மாநில அணி ஒரு நோட்டு, லீக் அணி ஒரு நோட்டு, தேசிய வாரியம் ஒரு நோட்டு. பையன் ஒரு அணியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த ஐந்தாறு நாளில் யார் நோட்டிலும் எதுவும் ஏறுவதில்லை. புது அணியில் முதல் வலைப்பயிற்சி. பெயர் வாங்க வேண்டும் என்று முழு வேகத்தில் 50–60 பந்து போடுவான். அதற்கு முந்தைய நான்கு நாள் பயணம், பந்தே போட்டிருக்க மாட்டான். பந்துக் கணக்கு வீச்சாளர் கையிலேயே இருக்க வேண்டும்: தேதி, ஆட்டமா வலையா, எத்தனை பந்து, போட்ட முயற்சிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண், மறுநாள் காலை முதுகு எப்படி. ஐந்து பத்தி, போனில் ஒரு நிமிட வேலை. புது அணிக்குப் போனால் முதல் நாளே பிசியோவிடம் கடைசி ஆறு வாரத்தைக் காட்டி, அன்றைக்கு எத்தனை பந்து என்று கேட்டுவிட்டுத்தான் ரன்-அப் அளக்கப் போக வேண்டும்.

---

பின்கால்

அந்த ஐந்தாவது பத்தியைக் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். ஒரே பக்க வலி தொடர்ந்து மூன்று காலை எழுதப்பட்டிருந்தால், ஆட்டம் எதுவாக இருந்தாலும் நான்காவது நாள் எம்.ஆர்.ஐ.